காமன் பொட்டலில் தானாகவே இடி இடிக்கிறது! பட்டன் பெட்டிக்கு என்ன வைத்தியம்?

மேல்மலை லயம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து, சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கிற கதை. மூன்று வருடமாக சவுண்ட் வேலை என் தலையில். பாட்டும் தப்பு மேளமும் கூத்துக்காரர்கள் பாடு. மைக், ஹார்ன், அப்புறம் நாலு ஒலி மட்டும் என் பொறுப்பு: சிவன் கண் திறக்கும்போது இடி, சங்கு, தீ பற்றும் சத்தம், முடிவில் மணி. எல்லாம் லெப்டொப்பில் வீஎல்சி பிளேயரில் ஓடுகிறது.

அம்ப்ளிபயரும் லெப்டொப்பும் கோயில் திண்ணையில் இருக்கும். கூத்து நடக்கும் காமன் பொட்டல் அங்கிருந்து 30 மீட்டர். நடுவில் ஊரே நிற்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது. போன வருடம் ஒரு பையனை டோர்ச்சோடு ஓரத்தில் நிறுத்தி, கூத்து வாத்தியார் கை தூக்கியதும் அடிக்கச் சொன்னேன். அவன் கூட்டாளி ஒருத்தனைப் பார்த்து டோர்ச் அடித்தான், நான் இடியைப் போட்டேன். இந்த வருடம் அந்த வம்பே வேண்டாம் என்று பெட்டி ஒன்று செய்தேன். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஐந்து பெரிய பட்டன்: நாலு ஒலிக்கு, ஒன்று நிறுத்த. பெட்டியிலிருந்து திண்ணை வரை 30 மீட்டர் வயர். திண்ணையில் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப் உள்ள மலிவு வகை. அது யூஎஸ்பி வழியாக, சீரியல் முறையில் (பிட் பிட்டாக, விநாடிக்கு 9600 பிட் வேகத்தில்) பட்டனுக்கு ஓர் எழுத்து அனுப்பும். பைத்தானில் எழுதிய சின்ன புரோகிராம் அதை வாசித்து வீஎல்சியைத் திறக்கும்.

வீட்டில் 2 மீட்டர் வயரில் பிசகே இல்லை. பொட்டலில் ஒத்திகை வைத்தபோது மானம் போனது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனால் இடி. யாராவது டியூப் லைட்டைப் போட்டால் சங்கு. இரதி புலம்பிக்கொண்டிருக்கும்போது இடி விழுந்ததில், வேடம் கட்டிய அண்ணன் புலம்பலை விட்டுச் சிரித்துவிட்டார். போதாததற்கு, பட்டனை அழுத்தி ஒன்றரை விநாடி கழித்துத்தான் சத்தம் வருகிறது. புரோகிராமைத் திறந்தவுடன் முதல் இரண்டு விநாடி பெட்டி செத்த மாதிரிக் கிடக்கிறது.

கூத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். காப்பாற்றுங்கள்.

ஈயக்குச்சி:

பட்டன் வயர் வந்து சேரும் நானோவின் பின்னை (முள்ளை) 5 வோல்ட் பக்கம் மேலே இழுத்துப் பிடிக்க என்ன ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள்? நானோவின் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், அந்தப் புல்அப் மட்டும்தானா? வயரை எந்த வழியாக இழுத்தீர்கள்?

மேல்மலை லயம்:

உள்ளே இருப்பது மட்டும்தான் அண்ணே. வயரை ஹார்ன் வயரோடு சேர்த்து டேப் சுற்றிக் கொண்டுபோனேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று.

ஈயக்குச்சி:

ஹார்ன் 100 வோல்ட் லைனா?

மேல்மலை லயம்:

ஆமாம்.

ஈயக்குச்சி:

அப்போ இடி விழாமல் என்ன செய்யும் தம்பி. உள்ளே இருக்கும் புல்அப் 20 முதல் 50 கிலோஓம். மேசையில் வைத்து விளையாட அது போதும். 30 மீட்டர் வயர் என்றால் அதற்கு மறுபெயர் ஏரியல். பக்கத்தில் 100 வோல்ட் ஆடியோ ஓடுகிறது, ஜெனரேட்டர் உதறுகிறது, டியூப் லைட்டின் சோக் உதைக்கிறது. இவ்வளவையும் அந்த மெல்லிய புல்அப்பால் பிடித்து வைக்க முடியாது. அந்தப் பின்னின் வோல்ட் ஒரு கணம் கீழே போனால் நானோவுக்கு அது பட்டன் அழுத்திய மாதிரிதான்.

நாளைக்கே செய்யக்கூடியது மூன்று. ஒவ்வொரு பின்னுக்கும் வெளியே 1 கிலோஓம் புல்அப் போடுங்கள். பட்டனை அழுத்தும்போது 5 மில்லி ஆம்பியர் ஓடும், அதனால் ஒன்றும் கெடாது, பட்டன் முனையும் கறுக்காமல் இருக்கும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, நானோவுக்கு ஒட்டினாற்போல், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். புரோகிராமில், பின்னின் வோல்ட் 30 மில்லிவிநாடி தொடர்ந்து கீழே இருந்தால்தான் அழுத்தியதாக எடுக்க வேண்டும். மனிதன் எவ்வளவு அவசரமாகத் தட்டினாலும் அதைவிடக் கூடுதலாகவே அழுத்துவான், ஜெனரேட்டர் உதைப்பு அவ்வளவு நேரம் நிற்காது.

டேப்பை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். இரண்டு வயரும் ஒரு முழமாவது தள்ளியிருக்கட்டும். குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில் சிலுவை மாதிரிக் கடக்கட்டும், கூடவே ஓடக் கூடாது.

லிந்துலைப் பொடியன்:

எதற்கு இந்தக் கஷ்டம்? நானோவுக்குப் பதில் புரோ மைக்ரோ பலகை வாங்குங்கள். அதில் 32யூ4 சிப் இருப்பதால் கீபோர்டாகவே நடிக்கும். பட்டனை அழுத்தினால் லெப்டொப்புக்கு ஏதோ ஒரு கீ அழுத்திய மாதிரி. பைத்தான், சீரியல், காம் போர்ட் ஒன்றும் தேவையில்லை. வீஎல்சியில் அந்தக் கீயைக் கட்டிவிட்டால் முடிந்தது. சீரியல் எல்லாம் எங்கள் அப்பா காலத்துச் சாமான்.

பழைய ஒலிபரப்பு:

உங்கள் அப்பா காலத்துச் சாமான்தான் தம்பி, ஆனால் ஒன்று யோசியுங்கள். கீபோர்ட் என்றால், எந்த ஜன்னல் முன்னால் திறந்திருக்கிறதோ அதற்குத்தான் கீ போகும். கூத்து நடுவே அப்டேட் செய்யவா என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தால், உங்கள் இடி அங்கே போய் விழும். பள்ளிக்கூட விழா ஒன்றில் நானே கண்டது: தலைவர் பேசும்போது பின்னணி இசையை நிறுத்த அழுத்திய கீ, திறந்து கிடந்த அழைப்பிதழுக்குள் போய் அதை அழித்துவிட்டது.

சீரியல் போர்ட்டை ஒரு புரோகிராம் திறந்து பிடித்துக்கொண்டால் அதில் வருவது அந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான். ஜன்னல் பின்னால் இருந்தாலும் சுருட்டி வைத்தாலும் கேட்கும்.

லிந்துலைப் பொடியன்:

வீஎல்சியில் குளோபல் ஹொட்கீ (எங்கிருந்தாலும் வேலை செய்யும் கீ) இருக்கிறதே ஐயா, ஜன்னல் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும். எஃப்13 முதல் எஃப்24 வரை சாதாரணக் கீபோர்டில் இல்லாத கீகள் இருக்கின்றன. அதை அனுப்பினால் அழைப்பிதழில் ஒன்றும் விழாது, வீஎல்சி அதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஒலிபரப்பு:

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். எஃப்13 எனக்குத் தோன்றவில்லை.

ஈயக்குச்சி:

நல்ல யோசனைதான். ஆனால் புரோ மைக்ரோவை எங்கே வைப்பீர்கள்? திண்ணையில் வைத்தால் அதே 30 மீட்டர் பட்டன் வயர், அதே இடி. பொட்டலில் வைத்தால் யூஎஸ்பியை 30 மீட்டர் இழுக்க வேண்டும். யூஎஸ்பி 2 வயரை 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. கீபோர்டா சீரியலா என்பது அப்புறம். 30 மீட்டரை யார் தாண்டுவது, அதுதான் இப்போதைய கேள்வி.

பண்டாரவளைப் பனி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பழைய டெஸ்க்டொப்பில் ஒன்பது முள் சீரியல் போர்ட் இருந்தால் நானோவே தேவையில்லை. எங்கள் மன்றத்தில் அப்படித்தான் ஓட்டினோம். அந்த ஒன்பதில் நாலு முள் உள்ளே வரும் சைகைக்கு: 1 டிசிடி, 6 டிஎஸ்ஆர், 8 சிடிஎஸ், 9 ஆர்ஐ. நாலாம் முள் டிடிஆரை புரோகிராமில் உயர்த்தி வைத்துவிட்டு, அதிலிருந்து நாலு பட்டன் வழியாக அந்த நாலுக்கும் வயர் இழுத்தால் நாலு பட்டன் பெட்டி தயார். சிப் இல்லை, எழுத்து இல்லை, பாட் ரேட் என்ற வேகக் கணக்கும் இல்லை. பைத்தானின் பைசீரியல் நூலகத்தில் நாலையும் பெயர் சொல்லி வாசிக்கலாம்.

இன்னொரு நன்மை, ஆர்எஸ்-232 என்கிற இந்தப் போர்ட்டின் உள்வாங்கும் முள் ஒவ்வொன்றிலும் 3 முதல் 7 கிலோஓம் சுமை ஏற்கனவே உண்டு. நானோவின் உள் புல்அப் அளவுக்கு அது எளிதில் ஏமாறாது. ஆனால் ஐந்தாவது பட்டனுக்கு இடமில்லை. மலிவான யூஎஸ்பி மாற்றிகளில் ஆர்ஐ போன்ற முள்ளுக்கு உள்ளே வயரே கொடுத்திருக்க மாட்டார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: உண்மையான ஆர்எஸ்-232 போர்ட்டின் வயரை நேராக நானோவின் பின்னில் குத்திவிடாதீர்கள். அதில் பிளஸ் மைனஸ் 12 வோல்ட் வரை வரும், நானோ 5 வோல்ட் சாமான். நடுவில் வோல்ட்டை மாற்றும் மேக்ஸ்232 சிப் வேண்டும். ஒரு நானோவை அப்படித்தான் எரித்தேன், வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

தப்புக்காரன்:

எனக்கு இந்த வயர் சமாச்சாரம் தெரியாது. ஒன்று கேட்கிறேன். பத்துத் தப்பு முழங்கும்போது லெப்டொப் இடி எதற்கு? எங்கள் தாத்தா காலத்தில் காமன் எரியும்போது தப்படி மாறும், அந்த அடியிலேயே சனம் அழும். இப்போது ஹார்னில் இடி போட்டால் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

மேல்மலை லயம்:

மாமா, நீங்கள் சொல்வது நியாயம்தான். வாத்தியாரும் அதையே சொன்னார். அதனால் இடி ஒரே ஒரு தடவை, கண் திறக்கிற கணத்தில் மட்டும். அடுத்த அடியிலிருந்து தப்பு. அந்த ஒரு கணம் பிசகக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடு.

தப்புக்காரன்:

அப்போ இடி அடங்கிய பிறகு நாங்கள் எடுப்போமா, இடியோடு சேர்ந்தே எடுப்போமா? அதை முதலில் பேசி வையுங்கள்.

பழைய ஒலிபரப்பு:

மாமா கேட்டதுதான் உண்மையான கேள்வி. சேர்ந்து எடுப்பதென்றால் ஒன்றரை விநாடித் தாமதம் சாவு.

ரேடியோவில் நாங்கள் இதற்கு கார்ட் மெஷின் வைத்திருந்தோம். வளையமாகச் சுற்றும் டேப், ஒரு கார்ட்டில் ஒரு விளம்பரம் அல்லது ஒரு இசைத்துண்டு. டேப்பின் தனித் தடத்தில் 1,000 ஹேர்ட்ஸ் சைகை ஒன்று பதிந்திருக்கும், மெஷின் அதைக் கேட்டதும் சரியாகத் தொடக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த தடவை பட்டனை அழுத்தினால் தேடல் இல்லை, திறத்தல் இல்லை, உடனே சத்தம். பட்டனை அழுத்தும் முன்பே ஒலி வாசலில் வந்து நிற்கும்.

நீங்கள் பட்டனுக்குப் பட்டன் வீஎல்சியைப் புதிதாகத் திறக்கிறீர்கள். சத்தம் கேட்கும்போதுதான் கடைக்காரன் கதவையே திறக்கிறான். தாமதம் அங்கேதான். சீரியலைக் குறை சொல்லாதீர்கள்: 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட், அதாவது ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. ஹார்னிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்குச் சத்தம் போய்ச் சேரவே 88 மில்லிவிநாடி ஆகும்.

நாலு சின்ன ஒலிக்கு வீஎல்சியே தேவையில்லை. பைத்தானில் ஒலி போடும் பைகேம் மிக்ஸர் போடுங்கள், நாலு கோப்பையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றுங்கள், பஃபரை 512 சாம்பிள் என்று வையுங்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது 12 மில்லிவிநாடிக்கும் குறைவு. கோப்பு வேவ் ஆக இருக்கட்டும். எம்பி3 என்றால் தலையில் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொண்டு வரும்.

லிந்துலைப் பொடியன்:

வீஎல்சியை விட மனமில்லை என்றால், அதை ஒரு தடவை திறந்து வைத்து வெப் இடைமுகம் வழியாகக் கட்டளை அனுப்பலாம். 8080 போர்ட், கடவுச்சொல் வைத்தால்தான் திறக்கும். ஆனால் வழக்கமான பாஸ் (இடைநிறுத்தும்) கட்டளை மாறிமாறி வேலை செய்கிறது: ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்தினால் நின்றது மறுபடி ஓடும். கட்டாயமாக நிறுத்தச் சொல்லும் கட்டளை தனியாக உண்டு, அதை எடுங்கள்.

ஈயக்குச்சி:

இதைத் தம்பி சரியாகப் பிடித்தான். நிறுத்தும் பட்டன் எத்தனை தடவை அழுத்தினாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

முதல் இரண்டு விநாடி செத்துக் கிடப்பதற்குக் காரணம்: லெப்டொப் போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் சைகை ஆடும், நானோவில் அது ரீசெட்டோடு கட்டியிருக்கிறது. ஆகவே நானோ புதிதாக எழும்புகிறது, அதன் தொடக்க நிரலான பூட்லோடர், புதுப் புரோகிராம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் எழும்பாது, ஆனால் புதுப் புரோகிராம் ஏற்றும்போது கழற்ற வேண்டும். அல்லது சும்மா இரண்டு விநாடி பொறுங்கள். கூத்து தொடங்குவதற்கு அரை மணி முன்னால் திறக்கிற புரோகிராமுக்கு இரண்டு விநாடி என்ன நட்டம்?

பண்டாரவளைப் பனி:

லெப்டொப்பில் ஓடுவது உபுண்டு 22.04 என்றால் இன்னொரு கூத்து. சிஎச்340ஐக் குத்தினால் போர்ட் தோன்றி உடனே மறையும். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிக்குரிய பிஆர்எல்டிடிவை என்ற சேவை, அதைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அதை நீக்கினால் சரியாகும். வெறும் வயரைச் சந்தேகித்து இரண்டு இரவைத் தின்றேன்.

மேல்மலை லயம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை செய்தவை: 1 கிலோஓம், கெப்பாசிட்டர், 30 மில்லிவிநாடி. டேப்பை வெட்டி வயரைக் கோயில் மதிலோரமாகக் கொண்டுபோனேன். ஜெனரேட்டரைப் பத்துத் தடவை ஸ்டார்ட் செய்தோம். இடி ஒரே ஒரு தடவைதான் விழுந்தது.

பைகேமுக்கு மாறியும் அரை விநாடித் தாமதம் நின்றது. ஒலி வெட்டும் ஓடாசிட்டியில் திறந்து பார்த்தால், இறக்கிய இடிக் கோப்பின் தொடக்கத்திலேயே அரை விநாடி வெறும் கோடு! அதை வெட்டியதும் விரல் பட்டவுடன் பொட்டலே அதிர்கிறது. இவ்வளவு நாளும் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பத்தில் ஒன்று என்பது எனக்குப் போதாது. இரதி புலம்பல் ஒரு இரவுக்கு ஒரு தடவைதான் வரும்.

ஈயக்குச்சி:

அப்போ வைத்தியத்தை விட்டு ஒப்பரேஷனுக்குப் போவோம். நானோவைப் பட்டன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், பட்டன் வயர் ஒரு சாண். பெட்டியிலிருந்து திண்ணைக்கு ஆர்எஸ்-485, தூரத்துக்கென்றே உள்ள சீரியல் முறை. மேக்ஸ்485 பலகை ஒன்று பெட்டிக்குள், திண்ணையில் யூஎஸ்பி-485 குச்சி. இரண்டும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும். வயர் நெட்வொர்க்குக்குப் போடுகிற முறுக்குச் சோடி வயர். 485 என்பது இரண்டு கம்பிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கும். ஜெனரேட்டர் உதைத்தால் இரண்டு கம்பியும் சேர்ந்தே உதை வாங்கும், வித்தியாசம் அப்படியே இருக்கும். மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகிற சாமானுக்கு உங்கள் 30 மீட்டர் தூசு. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர்.

வயரில் நாலு சோடி உண்டு. ஒன்று தரவுக்கு. 5 வோல்ட்டையும் அதிலேயே அனுப்பலாம், ஆனால் ஒற்றைக் கம்பியில் அனுப்பாதீர்கள். மீட்டருக்கு 0.084 ஓம் என்று வைத்தால் போய்வர 60 மீட்டருக்கு 5 ஓம். நானோவும் 485 பலகையும் 80 மில்லி ஆம்பியர் எடுத்தால் 0.4 வோல்ட் வழியிலேயே போகும், 4.6 மிச்சம். மேக்ஸ்485 குறைந்தது 4.75 கேட்கும். ஒரு சோடியை முழுதாகப் பிளஸ்ஸுக்கும் ஒரு சோடியை மைனஸுக்கும் கொடுத்தால் 4.8 கிடைக்கும். மைனஸைக் குச்சியின் கிரவுண்டோடு சேர்க்க மறக்காதீர்கள்.

ஒற்றை எழுத்தும் வேண்டாம். முன்னால் ஒரு குறி, பிறகு பட்டன் எண், மறுபடி அதே எண், பிறகு வரி முடிவு. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் குப்பையில் போடுங்கள். சும்மா இருக்கும்போது விநாடிக்கு ஒரு தடவை ஒரு புள்ளி அனுப்பட்டும். மூன்று விநாடி புள்ளி வராவிட்டால் திரை சிவக்க வேண்டும். வயரை யாராவது மிதித்துப் பிய்த்தால் காமன் எரியும் வரை காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பழைய ஒலிபரப்பு:

நிறுத்தும் பட்டனை மற்ற நாலிலிருந்து தள்ளி வையுங்கள். இருட்டில் விரல் தடவித்தான் கண்டுபிடிக்கும். ஸ்டூடியோவில் ஒரு பட்டனுக்கு மட்டும் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டியிருந்தோம்.

மேல்மலை லயம்:

கூத்து முடிந்து மூன்று நாள். தூக்கம் இப்போதுதான் தீர்ந்தது.

485 அண்ணன் சொன்னபடியே போட்டேன். இரவு முழுக்க ஜெனரேட்டர் நாலு தடவை மாறியது, ஒரு பொய் இடி கூட இல்லை. விடியப்போகும் நேரத்தில் திரை ஒரு தடவை சிவந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா வயரில் கால் தடுக்கிப் பிளக் பாதி கழன்றிருந்தது. குத்தினேன், பச்சை ஆனது. காமன் எரிய அதற்குப் பிறகும் அரை மணி இருந்தது.

எதிர்பாராதது ஒன்று. நடுச்சாமத்துப் பனியில் பலகை நனைந்து, சங்குப் பட்டன் உப்பிய துளையில் இறுகிவிட்டது. அழுத்தினால் மேலே வரவில்லை. நல்லவேளை, அழுத்தும் கணத்தில் மட்டும்தான் எழுத்து போகும்படி எழுதியிருந்தேன், இல்லாவிட்டால் விடிய விடியச் சங்குதான். பையன் நகத்தால் கிளப்பிக் கிளப்பிச் சமாளித்தான். அடுத்த வருடம் துளையைக் கொஞ்சம் பெரிதாக அறுத்து வார்னிஷ் அடிக்க வேண்டும்.

வாத்தியார் கை தூக்கினார், பையன் கட்டைவிரலை இறக்கினான், இடியும் தப்பும் ஒன்றாக விழுந்தன.

தப்புக்காரன்:

இடி கொஞ்சம் சத்தம் கூடுதல். மற்றபடி பரவாயில்லை.

பண்டாரவளைப் பனி:

எங்கள் அம்மன் திருவிழா ஏப்ரலில். புரோகிராமையும் வயர் படத்தையும் போடுவீர்களா? அந்த நேரம் பின்னேரத்தில் நிஜ இடியே வரும், அதனால் இடிப் பட்டன் எங்களுக்கு வேண்டாம்.

ஈயக்குச்சி:

நிஜ இடி வரும் மாதம் என்றால், கூத்து இல்லாத நேரத்தில் வயரை இரண்டு பக்கமும் கழற்றி வையுங்கள். மலை உச்சிக் கோயிலில் 30 மீட்டர் வயர் விரித்துக் கிடந்தால் மின்னலுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி.

மேல்மலை லயம்:

போடுகிறேன். இப்போது கரண்ட் இல்லை, ஃபோனில் 4 வீதம்தான் சார்ஜ். லைட் வந்ததும்